‘இன்னிக்குப் பரவாயில்லையா?’: மருந்துக்கு எளிதில் இணங்காத மனச்சோர்வும் ஒரு பெற்றோரும் – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு 31 வயதுப் பெண் ஒருவரையும், அவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் பெற்றோரையும் பற்றியது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மனச்சோர்வுக்கான மருந்துகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வயதுவந்த மகளின் நோய் ஆண்டுக்கணக்கில் நீளும்போது, அவருக்காக முடிவெடுக்கும் அதிகாரம் ஏதுமின்றிப் பொறுப்பை மட்டும் சுமக்கும் பெற்றோரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. இந்தக் குடும்பத்தில் முழு அன்போடு கேட்கப்பட்ட ஒரு கேள்வி சிகிச்சையின் அளவீட்டையே கெடுத்துவைத்திருந்தது. அது எப்படி நடந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதையே இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

நோய் வரலாறு

மகளுக்கு முதன்முதலில் மனச்சோர்வு வந்தது 19ஆம் வயதில். அது மருந்தின்றியே சில மாதங்களில் விலகியது. 24ஆம் வயதில் மீண்டும் வந்தபோது ஒரு மருந்தில் சரியாகி, ஓராண்டுக்குப் பின் மருந்து நிறுத்தப்பட்டது. மூன்றாம் முறை 29ஆம் வயதில் தொடங்கியது; எங்களிடம் வந்தபோது அது இரண்டாண்டைக் கடந்திருந்தது. அவர் கட்டட வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். எளிய வரைபடத்தைக்கூட முடிக்க முடியாமல், ஒரே கோட்டைப் பலமுறை அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்ததாக அவரே சொன்னார். விடுப்பு நீண்டது, வேலை போனது, தனியாகக் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெற்றோரிடம் திரும்பினார்.

எங்கள் முன் அமர்ந்தபோது அவரது பேச்சு மிக மெதுவாக இருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை ஒவ்வொரு முறையும் தாயே நிரப்பினார். அதிகாலை மூன்று, மூன்றரைக்கு விழிப்பு, காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் சற்றே தளரும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தன்னால் பெற்றோரின் முதுமை பாழாகிறது என்ற தீராத குற்றவுணர்வு ஆகியவை இருந்தன. ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்தில் 27க்கு 22 மதிப்பெண்; 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான மனச்சோர்வு. தற்கொலை எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாம் கேள்விக்கு, ‘சில நாட்கள்’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்.

உண்மையிலேயே மருந்துக்கு இணங்கவில்லையா?

‘மூணு மருந்து கொடுத்துப் பார்த்தாச்சு டாக்டர், எதுவும் கேக்கல’ என்றுதான் தந்தை தொடங்கினார். போதிய அளவிலும் போதிய காலத்துக்கும் கொடுக்கப்பட்ட குறைந்தது இரண்டு மருந்துகள் பலன் தராதபோதுதான் மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு என்ற பெயர் பொருந்தும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. இந்தப் பெயரைச் சூட்டும் முன் சரிபார்க்க வேண்டியவை பல. மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்பட்டதா, தைராய்டு சுரப்பு குறைவா, ரத்தசோகை அல்லது பி12 பற்றாக்குறை உண்டா, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா, மது உண்டா, வேறு நோய்க்காக எடுக்கும் மருந்து ஏதேனும் மனநிலையைப் பாதிக்கிறதா என்பவற்றோடு, எல்லாவற்றுக்கும் மேலாக, இது மிகையெழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயின் சோர்வு முகமா என்றும் பார்க்க வேண்டும். இருமுனை நோயைத் தவறவிட்டு மனச்சோர்வு மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஆண்டுகள் வீணாகும்.

இந்தப் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன, மது இல்லை, மிகையெழுச்சி இருந்ததற்கான தடயம் எதுவும் அவரிடமிருந்தோ குடும்பத்தாரிடமிருந்தோ கிடைக்கவில்லை. மருந்து வரலாற்றில்தான் தெளிவின்மை இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது தாயின் கோப்பு. இரண்டாண்டு மருந்துச் சீட்டுகளையும் கடை ரசீதுகளையும் தேதி வாரியாகத் துளையிட்டுக் கோத்து வைத்திருந்தார். அதைப் புரட்டியபோது முதல் மருந்தான செர்ட்ராலின் 50 மி.கி. அளவிலேயே ஐந்து வாரம் கொடுக்கப்பட்டு, அளவு கூட்டப்படாமலே நிறுத்தப்பட்டிருந்தது தெரிந்தது. ஐந்தாவது வாரத்துக்கான ரசீதும் இல்லை. குமட்டல் தாங்காமல் இடையிலேயே விட்டுவிட்டதை மகள் பிறகு தனியே சொன்னார். ஆக அதைத் தோல்விக் கணக்கில் சேர்க்க முடியாது. அடுத்து வந்த எஸ்சிட்டலோப்ராம் 20 மி.கி. பத்து வாரமும், வென்லாஃபாக்சின் 225 மி.கி. ஏழு மாதமும் முறையாக எடுக்கப்பட்டிருந்தன. வரையறை பொருந்தவே செய்தது, ஆனால் மூன்று மருந்துகளாலல்ல, இரண்டால்.

இந்தக் கணக்கு வெறும் நுணுக்கமன்று. 4,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்து 2006இல் முழு முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் ஏறத்தாழ 37 சதவீதத்தினரும் இரண்டாவதில் 31 சதவீதத்தினரும் நோய்க்குறிகள் முழுமையாகத் தணியும் நிலையை எட்டினர். மூன்றாம், நான்காம் படிகளில் அது முறையே 14, 13 சதவீதமாக இறங்கிவிட்டது. நான்கு படிகளையும் சேர்த்தால் 67 சதவீதம் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அதே தரவுகளை மூல நெறிமுறைப்படி மீண்டும் ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை அதை 35 சதவீதம் என்கிறது. மொத்தக் கணக்கில் சர்ச்சை இருந்தாலும், படிக்குப் படி வாய்ப்பு குறைகிறது என்பது மாறவில்லை. நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த முடிவு அமையும். அதைத் தெளிவாக்கியவர் தாய்தான். பெற்றோரால் செய்ய முடிந்த உதவிகளில் இதுபோன்ற கோப்புக்கு நான் முதலிடம் தருவேன். ஆறுதல் மொழிகளைக் காட்டிலும் அது எங்களுக்குப் பயன்பட்டது.

ஒரு கேள்வி செய்த வேலை

வென்லாஃபாக்சின் ஏன் ஏழு மாதம் மாற்றமின்றித் தொடர்ந்தது என்பது எனக்கு உறுத்தியது. முந்தைய குறிப்புகளில் ஒவ்வொரு சந்திப்பின்போதும் ‘ஓரளவு முன்னேற்றம்’ என்றே எழுதப்பட்டிருந்தது. மகளைத் தனியே சந்தித்தபோது காரணம் வெளிவந்தது.

தாய் காலையில் அறைக் கதவைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்னிக்குப் பரவாயில்லையா?’ என்பது. மதியமும் மாலையும் அதே கேள்வி வரும். இரவு விளக்கை அணைக்கும்போது, ‘நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் தேவலையா?’ என்று அது சற்றே உருமாறி வரும். ‘இல்லைன்னு சொன்னா அம்மா முகம் அப்படியே விழுந்துடும். அன்னிக்கு ராத்திரி அவங்க தூங்க மாட்டாங்க. அதனால பரவாயில்லைன்னு சொல்லிடுவேன்’ என்றார் மகள். தாய் அந்தப் பதிலை நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். மருத்துவரிடம் போகும்போது அதையே சொன்னார். மெதுவாகப் பேசும் மகளுக்குப் பதிலாகத் தாயே பேசும் வழக்கம் வீட்டில் ஏற்கெனவே ஊறியிருந்ததால், மருத்துவரின் குறிப்பில் ஏறியதும் தாயின் சொல்லே. தாயின் முகம் வாடாதிருக்க மகள் சொன்ன பொய், சுற்றி வந்து சிகிச்சைக் குறிப்பாகி, மாற்றப்பட வேண்டிய மருந்தை மாதக்கணக்கில் தொடர வைத்தது.

இதில் குற்றவாளி யாருமில்லை. நம்பிக்கை கொடுப்பது நல்லது என்று எல்லாரும் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். ஆனால் நாளுக்கு நான்கு முறை விடை எதிர்பார்க்கும் நம்பிக்கை, நோயாளியின் பார்வையில் நாளுக்கு நான்கு முறை எழுத வேண்டிய தேர்வு. அதில் தோற்றால் வருந்தப்போவது தாய் என்பதால், குற்றவுணர்வே நோய்க்குறியாக உள்ளவருக்கு அது இரட்டைச் சுமை.

தந்தையின் வழி வேறாக இருந்தது. ‘எழுந்து குளிச்சு வெளிய வந்தாலே பாதி சரியாயிடும்’ என்பது அவரது வழக்கமான வாக்கியம். மருத்துவத்தில் அதற்கு ஒப்பான முறை உண்டு என்பதுதான் வேடிக்கை. செயலூக்கச் சிகிச்சையில் நாங்களும் சிறு செயல்களிலிருந்தே தொடங்குகிறோம். ஆனால் அங்கே செயலைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளி, அதன் அளவு அவரால் இயன்றது, செய்யாமல் போனால் அதுவும் ஒரு தகவல் மட்டுமே. தந்தையின் வாயில் அதே கருத்து ‘நீ மனது வைக்கவில்லை’ என்ற குற்றச்சாட்டாக ஒலித்தது.

குடும்பத்தாரின் பேச்சும் நோயின் போக்கும் தொடர்புடையவை என்பது புதிய கண்டுபிடிப்பன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து இந்தச் சிந்தனை வளர்ந்தது. 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃப்பும், மனச்சோர்வு நோயாளிகள் மனச்சிதைவு நோயாளிகளைவிடக் குறைந்த அளவு குறைகூறலிலேயே மீண்டும் நோய்வாய்ப்படுவதைக் காட்டினர். 1989இல் ஜில் ஹூலியும் ஜான் டீஸ்டேலும், ‘உங்கள் துணை உங்களை எவ்வளவு குறைகூறுகிறார்?’ என்று நோயாளியிடம் கேட்ட ஒற்றைக் கேள்வியின் விடை, நோய் திரும்புமா என்பதை நன்றாக முன்கூட்டிச் சொன்னதாக எழுதினர். அந்த ஆய்வு மணவாழ்க்கைத் துணையைப் பற்றியது, பெற்றோரைப் பற்றியதன்று. என்றாலும் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சொல்பவரின் எண்ணத்தைவிடக் கேட்பவர் உணர்ந்த அளவே முக்கியம் என்பதை. இந்தக் கேள்வியைப் பெற்றோரைக் குறித்து மகளிடம் கேட்டோம். பத்துக்கு எவ்வளவு என்றதற்கு, தந்தைக்கு ஐந்தும் தாய்க்கு ஏழும் தந்தார். ஒரு நாளும் கடிந்துகொள்ளாத தாய்க்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது தந்தைக்கே வியப்பாக இருந்தது.

குடும்பத்தோடு செய்த உடன்பாடு

வயதுவந்த நோயாளியின் அனுமதியின்றி அவரது சிகிச்சை விவரங்களைப் பெற்றோரிடம் சொல்வது முறையன்று. ஆனால் பெற்றோர் சொல்வதைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இதைப் பல பெற்றோர் அறிவதில்லை, சில மருத்துவர்களும் மறந்துவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் மகளே எல்லையை வரைந்தார். மருந்து மாற்றங்களும் பக்கவிளைவுகளும், அடுத்த சந்திப்பின் தேதி, உயிருக்கு ஆபத்து ஆகிய மூன்றையும் பெற்றோருக்குச் சொல்லலாம். அறைக்குள் பேசப்படும் மற்றவை அவருக்கே உரியவை. இதை எழுதி மூவரும் கையெழுத்திட்டனர்.

அளவீட்டைப் பெற்றோரின் கையிலிருந்து எடுப்பது அடுத்த வேலையாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மகளே பிஎச்க்யூ-9 படிவத்தை நிரப்பி நேரடியாக எங்களிடம் தருவார்; பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்க மாட்டார்கள். அதற்கு ஈடாகத் தாயிடம் ஒரு குறிப்பேடு தரப்பட்டது. அதில் எழுத வேண்டியது கண்ணால் காண்பவை மட்டுமே: எத்தனை மணிக்கு அறை விளக்கு எரிந்தது, அறைக்கு வெளியே எவ்வளவு நேரம் இருந்தார், தொலைபேசியில் யாரிடமாவது பேசினாரா என்பவை. ‘முகம் தெளிவாக இருந்தது’ என்பது போன்றவை வேண்டாம் என்றோம். முதல் வாரக் குறிப்பில் பாதி முகத்தைப் பற்றியே இருந்தது. மூன்றாம் வாரத்தில் நேரங்கள் மட்டும் இருந்தன. அந்த நேரங்களிலிருந்துதான் அதிகாலை விழிப்பு வாரம் முழுவதும் நீடித்ததை நாங்கள் உறுதி செய்தோம்.

கேள்விகளும் மாறின. ‘பரவாயில்லையா?’ என்ற சொல்லையே வீட்டில் விலக்குவதென்று முடிவானது. அந்த இடத்தில் என்ன பேசுவது என்று தாய் உண்மையாகவே திகைத்தார். மகளின் உடல்நிலை தவிர வேறெதுவும் அவர்களுக்கிடையே பேசப்பட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. தாம் அன்று பார்த்ததைச் சொல்லலாம், பதில் எதிர்பார்க்காமல் அருகில் உட்காரலாம், நிறைவேற்றக்கூடிய ஒரு உதவியைக் குறிப்பாகக் கேட்கலாம் என்றோம். ‘நான் மாடிக்குப் போறேன், வர்றியா? வரலைன்னாலும் சரி’ என்பது தாயே கண்டுபிடித்த வாக்கியம். அதன் பின்பாதியில்தான் அதன் பலம் இருக்கிறது.

அறைக் கதவின் தாழ்ப்பாள் பெரிய விவாதமானது. மகள் வீடு திரும்பிய சில வாரங்களிலேயே தந்தை அதைக் கழற்றியிருந்தார். பயத்தில் செய்த காரியம் என்பதில் ஐயமில்லை, ஆனால் 31 வயதுப் பெண் உடை மாற்றும்போது கதவு திறக்கப்படும் நிலை அவரை மேலும் ஒடுக்கியது. உள்ளிருந்து போட்டாலும் வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றைப் பொருத்தலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. பெற்றோர் கதவைத் தட்டுவார்கள். மகள் ஒரு சொல்லேனும் பதில் தருவார். இரண்டாம் முறை தட்டியும் பதில் இல்லையென்றால் திறக்கலாம். மாத்திரைகள் அனைத்தும் பூட்டிய பெட்டிக்குப் போயின. ஒரு வாரத்துக்கு உரியது மட்டும் வெளியே இருக்கும், சாவி தந்தையிடம். ஆபத்தான நேரம் பெரும்பாலும் குறுகியது என்பதால், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது உண்மையிலேயே உயிர் காக்கும். இதை மகளுக்குத் தெரியாமல் செய்யாமல் அவர் முன்னிலையில், அவர் ஒப்புதலோடு செய்தோம்.

ஆபத்துக் காலத் திட்டம் ஒன்றும் எழுதப்பட்டது. பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த படிவம் அது. தன் நிலை மோசமாவதைக் காட்டும் அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, மனதைத் திருப்பும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணும், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குதல் என்ற வரிசையில் அதை நோயாளி தன் சொற்களிலேயே எழுத வேண்டும். ‘ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப வரைவது போல ஒரே எண்ணம் வரும்போது’ என்று முதல் வரியை மகள் எழுதினார்.

சிகிச்சையின் போக்கு

வென்லாஃபாக்சினோடு லித்தியம் சேர்க்கப்பட்டது. இது பழைய முறை. பலன் தருவதும் கவனம் கோருவதும் ஒருங்கே உடையது. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வையால் உடலில் நீர் குறைந்தாலோ, ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை எடுத்தாலோ அளவு அபாயகரமாக ஏறலாம். இவற்றைத் தந்தையிடம் ஒப்படைத்தோம். அறிவுரை சொல்லும் வழக்கம் உள்ளவருக்கு, அறிவுரையாக இல்லாத ஒரு பொறுப்பு தேவைப்பட்டது. மகளுக்குப் பல்வலி வந்த இரவில், வீட்டில் இருந்த வலிமாத்திரையைக் கொடுக்கும் முன் அவர் எங்களை அழைத்துக் கேட்டார்; அது ஐபுப்ரோஃபென் தான்.

ரத்தத்தில் லித்தியத்தின் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிமோலில் நிலைபெற்ற பின் ஆறு வாரத்தில் மதிப்பெண் 22இலிருந்து 16க்கு வந்தது. கூடவே, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்ற முயலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் தொடங்கியிருந்தது. மருந்துக்கு இணங்காத 469 நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து 2013இல் வெளியான கோபால்ட் ஆய்வில், மருந்தோடு இச்சிகிச்சையும் பெற்றவர்களில் 46 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்தில் நோய்க்குறிகள் பாதிக்குப் பாதியாவது குறைந்தன. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் அது 22 சதவீதம். நம்பிக்கையோடு தொடர்ந்தோம். ஆனால் நான்காம் மாதத்தில் மதிப்பெண் 24க்கு ஏறியது.

அந்த வாரத்தில்தான் தந்தை கேட்டார். தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலானது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை, கேட்கப்பட்டவர்களில் பலருக்குச் சொல்லிவிட்ட நிம்மதியே கிடைக்கிறது. இதைச் சொல்லி, கேட்கும் சொற்களை எங்கள் அறையில் தந்தையை உரக்கச் சொல்ல வைத்திருந்தோம். முதலில் ‘தப்பா எதுவும் யோசிக்கலியே?’ என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டு வாங்கும் கேள்வி அது. வீட்டில் அன்று அவர் கேட்டது வேறு மாதிரி.

‘செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?’

‘தோணுதுப்பா.’

‘எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?’

மகள் ஆமென்று தலையசைத்தார். தந்தை மறுத்துப் பேசவில்லை, அழவுமில்லை. ‘நான் கூடவே இருக்கேன். இப்ப டாக்டருக்குப் போன் பண்றேன், நீ பக்கத்துலயே இரு’ என்றார். அன்றிரவே மகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்திக் குறுகிய வலிப்பை உண்டாக்கும் மின்னதிர்வுச் சிகிச்சையை நாங்கள் பரிந்துரைத்தோம். 1938இல் ரோம் நகரில் தொடங்கிய இச்சிகிச்சை, இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே செய்யப்படுகிறது. பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை. தீவிர மனச்சோர்வுக்கு நம்மிடம் உள்ளவற்றுள் இதன் பலனே வலுவானது. எனினும் சினிமா ஊட்டிய பயம் எளிதில் போவதில்லை. தாய் உறுதியாக மறுத்தார். தந்தை உடனே செய்யச் சொன்னார். இருவரும் வராந்தாவில் வாதிட்டுக்கொண்டிருந்தபோது முடிவெடுக்க வேண்டியவர் உள்ளே படுத்திருந்தார். அவருக்குப் புரிந்துகொள்ளும் திறனும் தீர்மானிக்கும் திறனும் இருந்ததால், நன்மை தீமைகளை அவரிடமே இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை விளக்கினோம். அவர் ஒப்புக்கொண்டார். ‘அம்மா பயப்படறது எனக்கும் இருக்கு. ஆனா இப்படியே இருக்கறதுக்கு அதைவிட அதிகமாப் பயமா இருக்கு’ என்றார். மருந்துகளைப் பொருத்தமாகச் சீர்செய்து ஒன்பது முறை சிகிச்சை தரப்பட்டது. ஐந்தாவதுக்குப் பிறகு அதிகாலை விழிப்பு நின்றது. வீடு திரும்பும்போது மதிப்பெண் 7.

வீடு திரும்பிய பின்

மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் தற்கொலை ஆபத்து மிகுந்தவை. மகள் தேறிவிட்டார் என்ற மகிழ்ச்சியில் குடும்பம் தளரும் காலமும் அதுவே. பெட்டியின் பூட்டு அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தந்தை எதிர்ப்பின்றி ஏற்றார். தாய்க்குக் கடினமாக இருந்தது நினைவிழப்பு. சிகிச்சைக் காலத்தையும் அதற்கு முந்தைய சில வாரங்களையும் ஒட்டிய நினைவுகள் மகளிடம் துண்டு துண்டாகவே இருந்தன. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி மருத்துவமனைக்கு வந்து தங்கியதே அவருக்கு நினைவில்லை. ‘ஞாபகம் இல்லையா?’ என்ற கேள்வி பழைய கேள்வியின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தது. சோதிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்லிவிடுங்கள் என்றோம். தம்பி தானே முன்வந்து, தான் வந்த நாட்களைப் பற்றிக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பினார். புதியவற்றை நினைவில் வைக்கும் திறன் இரண்டு மாதத்துக்குள் சரியானது. இடையிலுள்ள சில நாட்கள் திரும்பவில்லை, அவை திரும்பாமலே போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம்.

மின்னதிர்வுச் சிகிச்சையால் தேறியவர்களைத் தொடர் மருந்தின்றி விட்டால் என்ன ஆகும் என்பதை ஹரோல்ட் சாக்கைமும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 84 சதவீதத்தினரும், நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதத்தினரும், அதோடு லித்தியமும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினரும் ஆறு மாதத்துக்குள் மீண்டும் நோய்வாய்ப்பட்டனர். மருந்து எடுத்தும் ஐவரில் இருவருக்கு நோய் திரும்புகிறது என்பதையும் மூவரிடமும் மறைக்கவில்லை. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்தது பிற்பாடு உதவியது.

ஏழு மாதம் கழித்து மதிப்பெண் 13க்கு ஏறியது. முதலில் கவனித்தது தாயின் குறிப்பேடு: நான்கு நாட்கள் தொடர்ந்து அதிகாலை மூன்றரைக்கு விளக்கு எரிந்திருந்தது. அவர் மகளிடம், ‘காலைல சீக்கிரம் லைட் எரியுது, டாக்டர்கிட்ட சொல்லவா, நீயே சொல்றியா?’ என்று மட்டும் கேட்டார். மகளே அழைத்தார். லித்தியத்தின் அளவு 0.5க்கு இறங்கியிருந்தது, அளவைச் சரிசெய்து, மின்னதிர்வுச் சிகிச்சையையும் நீண்ட இடைவெளிகளில் சில முறை கொடுத்ததில் ஆறு வாரத்தில் மதிப்பெண் 8 ஆனது. மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கவில்லை.

கலந்தாய்வு

குடும்பம் மாறியதால்தான் மகள் தேறினார் என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துச் சொல்ல முடியாது. தேற்றியது பெரும்பாலும் மின்னதிர்வுச் சிகிச்சைதான் என்பது என் கணிப்பு. குடும்பத்தின் பங்கு வேறு இடங்களில் இருந்தது: சரியான மருந்து வரலாறு, கெடாத அளவீடு, நேரத்தோடு கேட்கப்பட்ட நேரடிக் கேள்வி, நோய் திரும்பியதை வாரக்கணக்கில் முன்கூட்டிப் பிடித்த குறிப்பேடு. இவற்றில் எதுவும் மகளை மகிழ்ச்சிப்படுத்தும் முயற்சியன்று.

‘மருந்துக்கு இணங்காத’ என்ற பெயரையே கைவிட்டு, ‘சிகிச்சைக்குக் கடினமான மனச்சோர்வு’ என்று அழைக்க வேண்டும் என 2020இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் ஒருமித்த கருத்து பரிந்துரைத்தது. அதன் உட்கிடை, முழுத் தணிவை மட்டுமே இலக்காக வைக்காமல், நீரிழிவைப் போல நெடுங்காலம் கட்டுக்குள் வைத்து வாழ்க்கையை நடத்துவதும் சிகிச்சையின் இலக்குதான் என்பது. இதை எல்லாக் குடும்பங்களுக்கும் முதல் சந்திப்பிலேயே சொல்லலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சிலர் அதைக் கைவிடலாகக் கேட்கிறார்கள். மாறாக, மிஞ்சியிருக்கும் நோய்க்குறிகளைப் பொருட்படுத்தாமல் ‘போதும்’ என்று நிறுத்துவதும் தவறு. 1995இல் யூஜின் பேக்கல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மிச்ச நோய்க்குறிகள் இருந்தவர்களில் 76 சதவீதத்தினருக்கும் இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. ஆகவே எங்கள் குழு மதிப்பெண் 8 என்பதில் நின்றுவிடவில்லை.

தாயின் உடல்நிலையை நாங்கள் கேட்டது மூன்றாம் மாதத்தில். பல மாதங்களாக மகளின் அறை வாசலில் பாய் விரித்துப் படுத்து, ஒவ்வொரு அரவத்துக்கும் எழுந்துகொண்டிருந்தார். அவருக்கே சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றமும் தூக்கமின்மையும் இருந்தன. வேறொரு மருத்துவரிடம் அனுப்பினோம், மகளின் மருத்துவரே தாய்க்கும் மருத்துவராக இருப்பது இருவரின் நம்பகத்துக்கும் ஊறு என்பதால். வாரத்தில் இரண்டு மாலை தாய் வெளியே போக வேண்டும், அந்நேரம் தந்தை வீட்டில் இருக்க வேண்டும் என்று முறை வகுத்தோம். முதலில் அவர் குற்றவுணர்வோடு போனார். அம்மா வெளியே போகும் மாலைகளில்தான் தனக்கு மூச்சு விட முடிகிறது என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னது, இந்தச் சிகிச்சைக் காலத்தில் நான் கேட்ட அவரது முதல் நகைச்சுவை.

தற்போதைய நிலை

கடைசியாகப் பார்த்தபோது மதிப்பெண் 6. நாளுக்கு நான்கு மணி நேரம் வீட்டிலிருந்தே வரைபட வேலை செய்கிறார். முழுநேர வேலைக்கு இன்னும் தயாரில்லை என்பது அவர் மதிப்பீடு, நாங்களும் உடன்படுகிறோம். வென்லாஃபாக்சினும் லித்தியமும் தொடர்கின்றன. மின்னதிர்வுச் சிகிச்சை நிறுத்தப்பட்டுள்ளது. மாத்திரைப் பெட்டியின் சாவியைத் தானே வைத்துக்கொள்ள மகள் கேட்டிருக்கிறார். தந்தை உடனே சம்மதிக்கவில்லை, மறுக்கவுமில்லை. அடுத்த மூன்று படிவங்களில் ஒன்பதாம் கேள்விக்குப் பூச்சியம் வந்தால் இரண்டு வார மாத்திரைகளிலிருந்து தொடங்கலாம் என்று மூவரும் பேசி முடிவெடுத்துள்ளனர். பெற்றோர் இருவரும் அறுபதைக் கடந்தவர்கள் என்பதால், அவர்களால் இயலாதபோது யார் என்ற கேள்வியையும் மகள் எழுப்பினார். ஆபத்துக் காலத் திட்டத்தின் புதிய பிரதியில், உதவி கேட்கக்கூடியவர்கள் என்ற வரியில் தம்பியின் பெயர் முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன் தொலைபேசியில் தம்பியிடம் சம்மதம் கேட்டவர் மகளே.